அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராமும் ஓர் அதிகாலை விழுகையும்: தாதியருக்கான நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் வசிக்கும் 72 வயதுப் பெரியவர். பினாங்குத் துறைமுகத்தில் பல ஆண்டுகள் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இடது பாதத்தில் ஆறாத புண்ணோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், ஆறாம் நாள் அதிகாலை 2.40 மணிக்குக் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே விழுந்து கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் ஆள் தெளிவில் இல்லை. அடிவயிறு இறுகிப் புடைத்திருந்தது. பேசவே சிரமப்படும் அளவுக்கு நாக்கு வறண்டிருந்தது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு யாரும் அளவுக்கு மீறி மருந்து கொடுத்துவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து அட்டையை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் விழுந்தார். வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு காரணங்களுக்காக எழுதிய மருந்துகள் ஒரே உடம்புக்குள் ஒன்றுசேர்ந்து என்ன செய்யும் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைக் கட்டிலருகே நின்று போடக்கூடிய இடத்தில் இருப்பவர் தாதி என்பதே என் கருத்து. இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதும் அதற்காகத்தான்.

மருந்தைப் பற்றி

அமிட்ரிப்டிலின் மூவளைய மனச்சோர்வு மருந்துகளில் ஒன்று. அந்த வகையில் முதலாவதான இமிப்ரமினின் பயனைச் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் கூன் 1950களின் நடுவில் கண்டறிந்தார். அமிட்ரிப்டிலின் 1961-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படும் நார்அட்ரினலினும் செரட்டோனினும் மீண்டும் உள்ளே இழுக்கப்படுவதை இது தடுக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது மனநிலை தேறுவதற்கு 2 முதல் 4 வாரங்கள் ஆகும். நரம்பு எரிச்சலுக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள்; நம் வார்டுகளில் இன்று இந்த மாத்திரை பெரும்பாலும் கொடுக்கப்படுவது வலிக்காகத்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த மருந்து ஒரு வேலையோடு நிற்பதில்லை. அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பிகளை அடைப்பதால் வாய் வறளும், பார்வை மங்கும், மலம் கட்டும், சிறுநீர் தேங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், முதியவர்களுக்கு நினைவு தடுமாறும். ஹிஸ்டமின் ஏற்பிகளை அடைப்பதால் தூக்கம் வரும். ரத்தக் குழாய்களை இறுக்கி வைக்கும் ஆல்ஃபா ஏற்பிகளை அடைப்பதால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியும். அளவு மிகுந்தால் இதயத் தசையின் சோடியம் வழிகளையும் அடைத்துவிடும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டியவை என்று சொல்லும் மருந்துகளில் அமிட்ரிப்டிலினும் இருப்பதற்கு இவையே காரணம். தவிர்க்க வேண்டியது என்றால் கொடுக்கவே கூடாது என்று பொருளல்ல. கொடுத்தால் கண்காணிக்க வேண்டும், அந்தக் கண்காணிப்பு தாதியின் கையில் இருக்கிறது.

சேர்க்கையிலிருந்து ஐந்தாம் நாள் வரை

ஐயாவுக்கு இனிப்பு நீர் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபினும் பெரிண்டோப்ரிலும், புரோஸ்டேட் வீக்கத்துக்கு டம்சுலோசினும் நெடுநாளாக எடுத்துக்கொள்கிறார். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 48 மில்லிலிட்டர் என்று முதல் நாள் ரத்தப் பரிசோதனை காட்டியது. அன்று எடுத்த இசிஜியில் இதயத் தாளம் ஒழுங்காக இருந்தது. கியூஆர்எஸ் அகலம், அதாவது இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம், 96 மில்லிசெகண்ட். புண்ணுக்கு நரம்பு வழி ஆன்டிபயாட்டிக்கும், வலிக்கு டிரமடால் 50 மில்லிகிராம் மூன்று வேளையும் தொடங்கினார்கள்.

இரண்டாம் நாள் காலைச் சுற்றில் அவர் மருத்துவரிடம் சொன்னது புண் வலியைப் பற்றி அல்ல. இரண்டு பாதங்களிலும் ராத்திரியானால் எரிச்சல் தாங்க முடியவில்லை, போர்வை பட்டாலே துடிக்கிறது, தூங்கிப் பல மாதங்கள் ஆகின்றன என்றார். மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதினார். நம் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பு வைக்கப்படுவது 25 மில்லிகிராம் மாத்திரை. ஆகவே பாதி மாத்திரையாக 12.5 மில்லிகிராம், இரவு 9.30-க்கு. இரண்டு இரவுகள் அப்படிப் போயின. எரிச்சல் குறையவில்லை என்று அவர் சொன்னதால் நான்காம் நாள் முழு மாத்திரையாக உயர்த்தப்பட்டது. அதே நாள் மாலை உடம்பு அரிக்கிறது என்று முறையிட்டார். பணியில் இருந்த வேறொரு மருத்துவர் குளோர்ஃபெனிரமின் 4 மில்லிகிராம் மூன்று வேளை எழுதிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் குறிப்பேட்டில் இருப்பவற்றை அப்படியே தருகிறேன். வாய் வறட்சி, தண்ணீர் அடிக்கடி கேட்கிறார். மலம் மூன்று நாளாக இல்லை. சிறுநீர் கழிக்கிறார், ஒவ்வொரு முறையும் 80 முதல் 100 மில்லிலிட்டர், பகலில் பதினொரு முறை. உறக்கக் கலக்கம், பிற்பகல் உணவை முடிக்கவில்லை. இவை நான்கும் நான்கு வெவ்வேறு தாள்களில் இருந்தன: நீர்க் கணக்கு ஒரு தாளில், மலம் இன்னொன்றில், உணவு வேறொன்றில், உறக்கக் கலக்கம் பணி மாற்றக் குறிப்பில். ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் மருத்துவமனையில் படுத்திருக்கும் எந்தப் பெரியவருக்கும் வரக்கூடியதுதான் என்று தோன்றும். பதினொரு முறை சிறுநீர் போயிருக்கிறார் என்பதை நல்ல அறிகுறியாகவே பலரும் எடுத்துக்கொள்வார்கள். புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஒருவர் சிறிது சிறிதாக, அடிக்கடி சிறுநீர் கழித்தால், சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது என்ற எண்ணம்தான் முதலில் வர வேண்டும்.

அன்று மாலை நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் அவருடைய மனைவி வார்டு உதவியாளர் ஒருவரிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. மறுநாள் காலை அந்த அம்மா அதையே என்னிடம் மீண்டும் சொன்னார்: "மிஸ்ஸி, நேத்து சாயங்காலம் பூரா செத்துப்போன அவரோட அண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு. கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்காரோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல." அவர் பயந்தது வேறு காரணத்துக்காக, ஆனால் அந்த வார்டில் நோயின் முதல் தெளிவான அறிகுறியைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

அந்த அதிகாலை

விழுந்த சத்தம் கேட்டு ஓடிய இரவுத் தாதி செய்த வரிசை பாராட்டத்தக்கது. தூக்குவதற்கு முன் தலை, கழுத்து, இடுப்பு ஆகியவற்றைப் பார்த்தார். கட்டிலில் கிடத்தியதும் முதலில் விரலில் சர்க்கரை: 7.4 மில்லிமோல். இனிப்பு நீர் உள்ளவர் குழம்பினால் முதலில் விலக்க வேண்டியது தாழ்சர்க்கரை. முகம் கோணவில்லை, இரு கைகளும் சமமாக உயர்ந்தன. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 138/76, நாடித் துடிப்பு 112, உடல் வெப்பம் 37.8. பின்னர் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில் மீண்டும் அளந்தபோது 106/62. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே நிலைமாற்றத் தாழ்வழுத்தம் என்று கொள்ள வேண்டும். இங்கே 32 குறைந்திருந்தது.

திடீர்க் குழப்பத்தைக் கண்டறியும், நான்கு பகுதிகள் கொண்ட 4ஏடி பரிசோதனையில் வயதைச் சரியாகச் சொன்னார். ஆண்டைக் கேட்டபோது வேலையில் இருந்த காலத்து ஆண்டு ஒன்றைச் சொன்னார். மாதங்களைப் பின்னிருந்து சொல்லுங்கள் ஐயா என்றதற்கு டிசம்பர், நவம்பர் என்று தொடங்கி, நவம்பரிலேயே நின்று, போர்வையில் இல்லாத நூலை எடுக்கத் தொடங்கினார். சிறுநீர்ப்பை ஸ்கேன் 720 மில்லிலிட்டர் காட்டியது.

பணி மருத்துவர் வந்ததும் எழுந்த கேள்வி, இது டிரமடாலும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்ததால் வந்த செரட்டோனின் மிகைநிலையா, அசெட்டைல்கோலின் தடையா என்பது. இரண்டிலும் குழப்பமும் வேகமான நாடியும் சூடான உடம்பும் இருக்கும். பிரித்தறிய உதவுபவை தாதியின் கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவைதான். செரட்டோனின் மிகைநிலையில் வியர்த்துக் கொட்டும், வயிறு பேதியாகும், குடல் ஒலி கூடும், கால்கள் விறைத்துப் பாதத்தை மடக்கினால் துடிதுடிக்கும். இவருடைய அக்குள் உலர்ந்து கிடந்தது, குடல் ஒலி மிகக் குறைவாக இருந்தது, கால்கள் தளர்வாக இருந்தன. ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்றவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் வரும் அதே தோற்றம்: வாய் வறண்டு, உடம்பு காய்ந்து, இல்லாத ஆளோடு பேசுவது. ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் அடைப்பதும் இந்த அசெட்டைல்கோலின் ஏற்பிகளைத்தான் என்பதால், ஒப்புமை வெறும் தோற்றத்தோடு நிற்கவில்லை. வைத்தியர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை விளக்க இதைவிட நேரான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இசிஜியில் நாடி வேகத்தைத் தவிர மாற்றம் இல்லை, கியூஆர்எஸ் 98. முதல் நாள் எடுத்த பதிவு கையில் இருந்ததால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. ரத்தத்தில் சோடியம் 131 என்று, இயல்பைவிடக் குறைவாக வந்தது. மூவளைய மருந்தும் டிரமடாலும் தனித்தனியாகவே சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. கதீட்டர் வைத்ததும் 780 மில்லிலிட்டர் வெளியேறியது. சிறுநீரில் கிருமித் தொற்றுக்கான அறிகுறி இல்லை, புண்ணின் நிலையும் முன்பைவிடத் தேறியிருந்தது. எனவே தொற்றால் வந்த குழப்பம் என்பது முழுமையாக விலக்கப்படாவிட்டாலும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அப்போது நடந்திருக்கக்கூடிய, ஆனால் நல்லவேளையாக நடக்காத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கட்டிலிலிருந்து இறங்க முயன்றுகொண்டே இருந்த அவரை அமைதிப்படுத்த ஊசி போடலாமா என்ற பேச்சு எழுந்தது. புரோமெதசின் போன்ற மருந்து ஒன்றைக் கொடுத்திருந்தால், அதுவும் அசெட்டைல்கோலின் தடையே என்பதால் குழப்பம் இன்னும் முற்றியிருக்கும். இரவுத் தாதி அதைச் சுட்டிக்காட்டினார், மருத்துவர் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக விளக்கை மங்கலாக எரியவிட்டு, அவருடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, மகனைத் தொலைபேசியில் அழைத்து உடனே வரச் சொன்னார்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகு அவர் ஐந்து மணிக்குத் தூங்கினார்.

மைலோ டின்

காலையில் மருமகள் வீட்டிலிருந்து ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்தார். சேர்க்கையின்போது கேட்டதற்கு, "எல்லாம் அட்டையில இருக்கு மிஸ்ஸி, கிளினிக் மருந்துதான்" என்று சொல்லியிருந்தார்கள். அது அப்படியே எழுதப்பட்டிருந்தது. டின்னுக்குள் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டிய அட்டைத் துண்டுகள், பெயர் எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கிடந்தன. ஒரு மஞ்சள் உறையில் குளோர்ஃபெனிரமின், சளி பிடித்தால் இரவில் ஒன்று போடுவாராம். டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் மருந்துப் புட்டி, முக்கால்வாசி தீர்ந்தது. ஒரு பத்து மாத்திரை அட்டையில் மூன்று குறைந்து, ஏழு மிச்சம்: அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம்.

எட்டு மாதத்துக்கு முன் தனியார் கிளினிக் ஒன்றில் கால் எரிச்சலுக்குக் கொடுத்தது அது. மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு, "தலையைச் சுத்துது, மூத்திரம் சரியா போகல" என்று அவரே நிறுத்தியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நிறுத்தினால் சரியாகிவிட்டதால் அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஒவ்வாமை உண்டா என்று நாம் கேட்டபோது, அரிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வந்ததா என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டு இல்லை என்றார்கள். இந்த மருந்து இந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்ற செய்தி அவர் சேர்ந்த நாளிலிருந்தே அவர் வீட்டு அலமாரியில் இருந்தது.

எங்கே கைநழுவியது

பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால் கூட்டல் தானாகத் தெரியும். அமிட்ரிப்டிலினும் குளோர்ஃபெனிரமினும் உடம்பை உலரவைப்பவை, தூங்கவைப்பவை. அமிட்ரிப்டிலினும் டம்சுலோசினும் அம்லோடிபினும் பெரிண்டோப்ரிலும் நிற்கும்போது அழுத்தத்தைக் குறைப்பவை. டிரமடால் மலத்தைக் கட்டும், சோடியத்தைக் குறைக்கும், வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும், செரட்டோனினைக் கூட்டும். புரோஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே சிறுநீர்ப் பாதையை அடைத்து வைத்திருந்தது. இத்தனைக்கும் மேலே 72 வயது. அதில் கடைசியாகச் சேர்ந்த மாத்திரையையோ அதை எழுதிய மருத்துவரையோ மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை; அரிப்புக்கு மாத்திரை எழுதியவர் முன்னால் அரிப்பு மட்டுமே வைக்கப்பட்டது.

அளவு உயர்த்திய வேகத்தையும் பேச வேண்டும். அமிட்ரிப்டிலினின் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 10 முதல் 28 மணி நேரம். கல்லீரலில் அது நார்ட்ரிப்டிலினாக மாறுகிறது, அதன் அரைவாழ்வு இன்னும் நீளம். ரத்தத்தில் அளவு நிலைபெறவே ஒரு வாரம் வரை ஆகலாம். இரண்டு இரவுகளில் குறையவில்லை என்பதற்காக இரட்டிப்பாக்கினால், முதல் அளவு தன் முழு உயரத்தை எட்டும் முன்பே அதன் மேல் அடுத்தது ஏறிவிடுகிறது. முதியவர்களுக்கு ஒரு வாரமாவது பொறுப்பதே நல்லது என்று நான் நம்புகிறேன். மருத்துவர் சுற்றில் நோயாளி வலி குறையவில்லை என்று சொல்லும்போது, இன்னும் இரண்டு இரவுதான் ஆகியிருக்கிறது டாக்டர் என்று நினைவூட்டத் தாதிக்கு முழு உரிமை உண்டு.

நேரம் இன்னொன்று. இரவு 9.30-க்கு விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் உச்சத்தை அடைவது 2 முதல் 8 மணி நேரத்துக்குள். அதாவது புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஒருவர் சிறுநீருக்காக எழும் பின்னிரவு நேரத்தில்தான் அவருடைய ரத்த அழுத்தம் மிக எளிதாகச் சரியும், தூக்கக் கலக்கம் மிக ஆழமாக இருக்கும், வார்டில் ஆள் மிகக் குறைவாக இருப்பார்கள். அவர் விழுந்தது மாத்திரை விழுங்கி ஐந்து மணி நேரம் கழித்து. இதே மாத்திரையை இரவு 7 மணிக்குக் கொடுத்து, படுக்கும் முன் கழிவறைக்கு அழைத்துச் சென்று, கைக்கெட்டும் தூரத்தில் சிறுநீர்ப் புட்டியும் அழைப்பு மணியும் வைத்திருந்தால், குழப்பம் வந்திருக்கலாம், விழுந்திருக்க வேண்டியதில்லை.

அமிட்ரிப்டிலினும் குளோர்ஃபெனிரமினும் அன்று காலையே நிறுத்தப்பட்டன. நான்கு இரவுகள் மட்டுமே சிறிய அளவில் எடுத்திருந்ததால் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை எழவில்லை. மாதக்கணக்கில் எடுப்பவருக்குத் திடீரென நிறுத்தினால் குமட்டல், தலைவலி, உடல்சோர்வு, தூக்கமின்மை எல்லாம் வரும். அவர்களுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களில் இறக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்காக வந்து சேரும் நோயாளிகளிடம் இந்த மருந்து தற்செயலாக விடுபட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டிரமடாலுக்குப் பதிலாகப் பாராசிட்டமால் ஒழுங்கான வேளைகளில் கொடுக்கப்பட்டது. மலத்துக்கு லாக்டுலோஸ். ஏழாம் நாள் மாலைக்குள் அவருக்கு ஆண்டு, இடம் எல்லாம் சரியாக நினைவிருந்தது. மாதங்களை ஜூன் வரை பின்னோக்கிச் சொன்னார். எட்டாம் நாள் கதீட்டர் எடுக்கப்பட்டு, சிறுநீர் கழித்த பின் பையில் மிச்சம் 90 மில்லிலிட்டர். கால் எரிச்சலுக்கு, சிறுநீரகத்தின் திறனைக் கணக்கில் கொண்டு, கபாபென்டின் 100 மில்லிகிராம் இரவில் தொடங்கப்பட்டது. கபாபென்டினும் தூங்கவைக்கும், தள்ளாட வைக்கும் என்பதால் விழுகைக் கண்காணிப்பு அட்டை கட்டிலிலிருந்து எடுக்கப்படவில்லை.

மாத்திரையைக் கையில் வைக்கும் முன்

இந்த நிகழ்வுக்குப் பிறகு அந்த வார்டில் சிஸ்டர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எந்த மூவளைய மருந்தானாலும், முதல் இரண்டு வாரமும் அளவு உயர்த்திய பின் ஒரு வாரமும், மாத்திரை கொடுக்கும் தாதியே அந்த வேளையில் கட்டிலருகே நின்று கேட்க வேண்டும்: இன்று எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் போனது, கடைசியாக மலம் எப்போது, எழுந்தால் தலை சுற்றுகிறதா, நேற்றிரவு யாராவது வந்து பேசினார்களா. கடைசிக் கேள்வி விநோதமாகத் தோன்றலாம். ஆனால் பெரியவர்கள் இல்லாத ஆளைப் பார்த்ததைத் தாமாகச் சொல்ல வெட்கப்படுவார்கள், கேட்டால் சொல்வார்கள். உடனிருக்கும் மனைவியையோ மகளையோ கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். பதில்கள் நான்கும் ஒரே தாளில், மருந்து அட்டைக்குப் பின்னாலேயே எழுதப்படுகின்றன. படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் எடுப்பது நாளுக்கு இரண்டு முறை. சிறுநீர் 100 மில்லிலிட்டருக்குக் குறைவாக அடிக்கடி போனால், மருத்துவர் உத்தரவுக்குக் காத்திராமல் தாதியே ஸ்கேன் செய்யலாம்.

முதல் மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. கண் அழுத்த நோய், அண்மையில் மாரடைப்பு, இதயத் துடிப்பு அடைப்பு, வலிப்பு, சிறுநீர்த் தேக்கம் ஆகியவை உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். ஃபுளூவாக்செட்டின், பராக்செட்டின் போன்ற வேறு மனச்சோர்வு மருந்துகள் கல்லீரலில் இந்த மருந்து உடைவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும். மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் என்னும் இன்னொரு வகை மனச்சோர்வு மருந்தை நிறுத்தி 14 நாள் ஆகாதவருக்கு இதைத் தொடவே கூடாது. ஆன்டிபயாட்டிக்கான லினிசோலிடுக்கும் அந்த இயல்பு உண்டு என்பதைப் புண் வார்டில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது. மருந்து அட்டையில் அம்லோடிபினும் அமிட்ரிப்டிலினும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது, ஒன்றை மற்றதாகப் படித்துவிடாதபடி பெயரை முழுமையாக வாய்விட்டுப் படிப்பது நல்லது.

விளக்கம் சொல்வது எப்படி என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வலிக்கு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், வீட்டில் யாராவது கைப்பேசியில் பெயரைத் தேடிப் பார்த்து, இது மனநோய்க்கான மருந்தாயிற்றே என்று அதிர்ந்து, சொல்லாமலேயே நிறுத்திவிடுவார்கள். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துதான் ஐயா, உங்களுக்கு நரம்பு எரிச்சலுக்காகச் சின்ன அளவில் கொடுக்கிறோம், வாய் காயும், எழும்போது மெதுவாக எழ வேண்டும், சிறுநீர் நின்றால் அன்றே சொல்லுங்கள் என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கும் சளி மாத்திரையும் இருமல் மருந்தும் இதோடு கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

வீட்டில் மிஞ்சும் மாத்திரைகள்

மேலே சொன்னவை சிகிச்சை அளவில் வரும் தொல்லைகள். அளவு மீறினால் இந்த மருந்து கொல்லும். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் உயிராபத்து என்று கொள்ளப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள பேரக்குழந்தைக்கு 25 மில்லிகிராம் மாத்திரை நான்கு. இந்த ஐயா வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள், டின் இருந்தது சாப்பாட்டு மேசையில். அளவு மீறியவரிடம் கியூஆர்எஸ் 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் வலிப்புக்கும், 160-ஐத் தாண்டினால் ஆபத்தான இதயத் தாளக் கோளாறுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அதற்கான மருந்து நரம்பு வழி சோடியம் பைகார்பனேட். வரும்போது பேசிக்கொண்டு வரும் நோயாளி ஒரு மணி நேரத்துக்குள் நினைவிழக்கலாம் என்பதால், மாத்திரை விழுங்கினார் என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும், வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்கிவருகிறது. சந்தேகம் வரும்போது மருத்துவரும் தாதியும் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

இரண்டாம் நாள் சுற்று முடிந்த பின் இந்த ஐயா ஒரு தாதியிடம், "தூங்காம, நடக்காம, இருந்து என்னம்மா பிரயோஜனம்" என்று சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது. அப்படிச் சொல்லும் ஒருவரிடம் ஒரு மாதத்துக்கான மூவளைய மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் முன், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா ஐயா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று இளம் தாதியர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்காவிட்டால் தெரியாமலே போய்விடும். மனச்சுமை அதிகமாக இருந்தால் மருந்தை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லி மருந்தாளரிடம் பேசலாம், பெட்டியை மருமகள் பொறுப்பில் வைக்கலாம், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் 15555 எண்ணைக் குடும்பத்தின் கையில் எழுதிக் கொடுக்கலாம். இவரிடம் எட்டாம் நாள் கேட்டோம். சாக நினைக்கவில்லை, கால் எரிச்சல்தான் அப்படிப் பேசவைத்தது என்றார். இருந்தாலும் மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது.

மருந்தாளர் இந்த எதிர்வினையை அறிக்கையாக எழுதித் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அனுப்பினார். சிறிய அளவில் வந்த, எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவுதானே என்று இதை அனுப்பாமல் விடுவது வழக்கமாக இருக்கிறது. விழுகையிலும் மயக்கக் குழப்பத்திலும் முடிந்த எதையும் அப்படி விடக்கூடாது. வீட்டு டின்னில் இருந்த பழைய மாத்திரைகள் மருந்தகக் கவுன்டரில் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

மூன்று வாரம் கழித்து வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தபோது புண் பாதிக்கு மேல் மூடியிருந்தது. கபாபென்டின் இரவு 300 மில்லிகிராமில் எரிச்சல் அரைவாசி குறைந்திருப்பதாகவும், நான்கு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்குவதாகவும் சொன்னார். நின்ற நிலை அழுத்தம் 128/70, விழவில்லை. அமிட்ரிப்டிலினால் சிறுநீர்த் தேக்கமும் குழப்பமும் வந்தது, மீண்டும் தர வேண்டாம் என்ற வரி அவருடைய கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், மருத்துவரின் கையெழுத்தோடு எழுதப்பட்டது. அந்த வரியை மருமகளிடம் படித்துக் காட்டி, அடுத்த முறை எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும்படி சொல்லி அனுப்பினோம்.